க்ரீப் ப்ராஜெக்ட் எடுக்கலாமா?

பாலிமர் டெக்னாலஜி இறுதியாண்டில் க்ரீப் சோதனையை (மாறாத எடையில் பிளாஸ்டிக் நாள்பட மெல்ல நீளுவதை அளப்பது) ப்ராஜெக்டாக எடுத்தால் வேலை கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒழுங்காகச் செய்தால் அது நல்ல கைமுதல். குழாய், கேபிள், வாகன உதிரிபாகம் என்று பிளாஸ்டிக் நாள்பட எடை தாங்கும் இடமெல்லாம் இந்தக் கணக்கு தெரிந்தவர் தேவை.

பாலிப்ரோப்பிலீன் மாதிரி ஒன்று; நீட்சியை அளக்கும் பகுதியின் நீளம் 50 மி.மீ., தகைவு (பரப்பின் மேல் விழும் விசை) 5 மெகாபாஸ்கல், வெப்பநிலை 23 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நிமிடத்தில் 0.25 மி.மீ. நீண்டால் திரிபு (நீட்சியை நீளத்தால் வகுத்தது) 0.5 சதவீதம், மாடுலஸ் (தகைவைத் திரிபால் வகுத்தது) 1000 மெகாபாஸ்கல். அதே எடை தொங்கியபடியே 1000 மணி நேரத்தில் நீட்சி 0.75 மி.மீ. ஆகிவிட்டால் மாடுலஸ் 333 தான். டிசைன் செய்பவருக்கு வேண்டியது இந்த இரண்டாவது எண்.

அளவீடுகளை 1, 6, 12, 30 நிமிடம், பிறகு 1, 2, 5, 20, 50 மணி என்று எடுத்து, நேரத்தை மடக்கை அச்சில் வரையுங்கள். மாதிரி கிளாம்ப்பில் துளி வழுக்கினாலும் அது க்ரீப் போலவே பதிவாகும். அதனால் நீட்சியை அளக்கும் எக்ஸ்டென்சோமீட்டரை மாதிரியின் மேலேயே மாட்டுங்கள். மாலையில் லேபில் ஏசியை அணைத்தால் வளைவில் நாளுக்கொரு அலை தெரியும். நைலான் என்றால் ஈரப்பதமும் சேர்ந்து ஆட்டிவைக்கும்.

பெரும்பாலானோர் கோட்டை விடுவது பகுப்பாய்வில். க்ரீப்பை ஸ்பிரிங், டேஷ்பாட் (பாகுத் தணிப்பான்) சேர்க்கையாகக் காட்டும் பர்கர்ஸ் மாடலின் நான்கு மாறிலிகளையும் சாஃப்ட்வேர் அழகாகப் பொருத்திக் கொடுத்துவிடும். ஆனால் அதன் பாகுநிலை உறுப்பு நேரத்தோடு நேர்கோட்டில் ஏறிக்கொண்டே போகும். உண்மையான பிளாஸ்டிக்கில் க்ரீப் வேகம் பெரும்பாலும் குறைந்துகொண்டே வரும். அதனால் 100 மணி அளவீட்டை வைத்துப் பத்தாண்டு கணிப்பு சொல்லாதீர்கள். எடையை எடுத்த பிறகு மீட்சியையும் அளந்தால்தான் திரும்பாமல் நிற்கும் நீட்சி எவ்வளவு என்று பிரித்தறிய முடியும். 2.5 மெகாபாஸ்கலில் இன்னொரு மாதிரியையும் ஓட்டுங்கள். திரிபைத் தகைவால் வகுத்து வரும் இரு வளைவுகளும் ஒன்றன்மேல் ஒன்று படிந்தால்தான் நேரியல் மாடல் (தகைவு இரட்டித்தால் திரிபும் இரட்டிக்கும் என்பது) செல்லும். நேர்முகத் தேர்வில் இதைத்தான் துருவுவார்கள். பதில் வரைபடமாகக் கையில் இருக்கட்டும்.

எம்.டெக். சேர்க்கைக்கான கேட் தேர்வின் எக்ஸ்இ (பொறியியல் அறிவியல்) தாளிலும் பாலிமர் பிரிவு உண்டு. இந்தப் படிப்பு அங்கேயும் உதவும்.

ப்ராஜெக்டுக்குக் கையெழுத்திடும் முன் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: கருவி எது? மற்றவர்களும் காத்திருக்கும் யூடிஎம்மை (பொருளை இழுத்தும் அழுத்தியும் சோதிக்கும் இயந்திரம்) வாரக்கணக்கில் உங்களுக்கு விட மாட்டார்கள். நெம்புகோலில் எடை தொங்கவிடும் எளிய சட்டகம் கிடைத்தாலே போதும்.