வீடற்றோர் பற்றி: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

நகர்ப்புற வீடற்றோர் காப்பகங்களில் நீண்ட காலமாக வேலை செய்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன். ஒரு வேண்டுகோள்: தெருவில் தூங்குபவர்களின் முகம் தெரியும் படங்களைப் போடாதீர்கள்.

கே: இந்தியாவில் வீடற்றோர் பெருகுகிறார்கள் என்கிறார்கள். அரசுக் கணக்கு குறைந்திருக்கிறதே?

மொத்தத்தை மட்டும் பார்த்தால் குறைவுதான். 2001 கணக்கெடுப்பில் 19.43 லட்சம், 2011இல் 17.73 லட்சம். ஆனால் பிரித்துப் பாருங்கள். கிராமங்களில் 11.65 லட்சம் 8.34 ஆக இறங்கியது. நகரங்களில் 7.78 லட்சம் 9.38 ஆக ஏறியது. பிழைப்பு நகரத்துக்கு வந்தது, கூரை வரவில்லை.

இதுவும் ஒரே இரவில் எடுத்த கணக்கு. கட்டி முடியாத கட்டடத்துக்குள்ளும் பூட்டிய கடைக்குப் பின்னாலும் படுத்திருப்பவர் அதில் எளிதாக விட்டுப்போவார். 2021 கணக்கெடுப்பு நடக்கவேயில்லை. ஆகவே யாராவது "இன்றைக்கு இத்தனை பேர்" என்று அடித்துச் சொன்னால், யார் எண்ணினார்கள், எந்த இரவில் எண்ணினார்கள் என்று கேளுங்கள்.

கே: வேலையில்லாததுதானே காரணம்?

இல்லை. நடைபாதையில் தூங்குபவர்களில் நான் பார்த்த பெரும்பாலோர் உழைப்பவர்கள். மூட்டை தூக்குகிறார்கள், மீன்பாடி வண்டி ஓட்டுகிறார்கள், கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவுகிறார்கள், சித்தாள் வேலைக்குப் போகிறார்கள். கூலி நாளுக்கு நாள் வருகிறது. வாடகை மாதத்துக்கு ஒருமுறை, அதுவும் அட்வான்ஸோடு கேட்கப்படுகிறது. வேலை கிடைக்காத ஒரு வாரம், ஒரு ஆஸ்பத்திரிச் செலவு, புருஷனின் அடி தாங்காமல் வெளியேறிய ஓர் இரவு, இவற்றில் ஏதாவது ஒன்று போதும்.

நாட்டில் வீடே இல்லையா என்றால், 2011இல் நகரங்களில் மட்டும் ஒரு கோடிக்கு மேல் வீடுகள் காலியாகக் கிடந்தன. அடுத்த ஆண்டே அரசின் வல்லுநர் குழு நகரங்களில் 1.88 கோடி வீடுகள் பற்றாக்குறை என்றது. அதில் 95 சதவீதத்துக்கு மேல் ஏழைகளுக்கும் குறைந்த வருமானக்காரர்களுக்கும் தேவையானவை. கட்டப்படுவது ஒருவருக்கு, தேவைப்படுவது இன்னொருவருக்கு.

கே: குடிதான் காரணம் என்று நினைக்கிறேன்.

சொந்த வீட்டில் இருந்துகொண்டு குடிப்பவர்கள் எத்தனையோ பேர். குடித்ததற்காக அவர்கள் தெருவுக்கு வந்துவிடவில்லை.

கே: பெரும்பாக்கத்தில் அடுக்குமாடி கொடுத்தும் திரும்பி வந்து நடைபாதையில் படுக்கிறார்களே! இவர்களுக்கு எதற்கு வீடு?

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் எல்லாமே அரசு மறுகுடியமர்வுக் குடியிருப்புகள், சென்னையின் தெற்கு ஓரம். அங்கே அனுப்பப்பட்டவர்களின் பிழைப்போ பாரிமுனை, சிந்தாதிரிப்பேட்டை, கூவம் கரை ஓரம். கொத்தவால் சாவடிப் பக்கம் விடியுமுன் மூட்டை இறக்கப் போகிறவர் அங்கிருந்து எந்தப் பஸ்ஸைப் பிடிப்பார்? வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்கு நாலு வீடு போச்சு என்றால் நாலு சம்பளம் போச்சு. வேலையைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் திரும்பி வருகிறார்கள். வீட்டை வேண்டாம் என்று சொல்லவில்லை.

கே (அதே நண்பர்): நடைபாதை நடப்பதற்குத்தானே? வரி கட்டுபவனுக்கு உரிமை கிடையாதா?

உண்டு. 1985இல் பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதை மறுக்கவில்லை, அகற்றலாம் என்றே சொன்னது. ஆனால் பிழைப்புக்கான உரிமை உயிர் வாழும் உரிமைக்குள் அடக்கம் என்றும், மழைக்காலம் முடியும்வரை அகற்றக் கூடாது என்றும் அதே தீர்ப்பு சொன்னது. முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள், சார்.

(இன்னொருவர்): நான் கண்ணகி நகரில் வளர்ந்தவள். எங்கம்மா வேலைக்காக ரெண்டு பஸ் மாறினாங்க. ஆனா கதவைச் சாத்திப் படுத்த முதல் ராத்திரி அவங்க அழுததை மறக்க மாட்டேன். வீடே தப்புன்னு சொல்லிடாதீங்க.

இல்லம்மா, சொல்ல மாட்டேன். நீங்கள் சொன்னதுதான் முழு உண்மை. கதவும் வேண்டும், அந்தக் கதவு வேலைக்குப் பக்கத்திலும் வேண்டும். பத்துக் குடும்பத்துக்குச் சின்னதாக ஊருக்குள் கட்டியிருந்தால் உங்கள் அம்மா பஸ் மாறியிருக்க வேண்டியதில்லை.

கே: காப்பகம் இருந்தும் ஏன் போவதில்லை?

நகர மக்கள்தொகையில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு காப்பகம் என்று 2010இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. மத்திய அரசின் காப்பகத் திட்ட விதி ஆளுக்கு 50 சதுர அடி என்றது. ஆனால் பல இடங்களில் ஆண்கள் தனி, பெண்கள் தனி. புருஷன் ஒரு பக்கம், பிள்ளையோடு மனைவி ஒரு பக்கம் என்றால் எந்தக் குடும்பம் வரும்? வண்டியை எங்கே நிறுத்துவது, மூட்டையை எங்கே வைப்பது? குடும்பக் காப்பகங்கள் பெருகாதவரை இது தீராது.

கே: பிச்சைக்காரர்களைப் பிடித்து மொத்தமாக எங்கேயாவது கொண்டுபோய் விட்டால் என்ன?

மேலே மூட்டை தூக்குபவர் பற்றி எழுதியதைப் படியுங்கள். இதே கேள்வி மூன்றாவது முறை வந்திருக்கிறது, இனி பதில் சொல்ல மாட்டேன்.

கே: ரயில் நிலையம் அருகே ஒரு பெண் தனக்குத்தானே பேசிக்கொண்டு அலைகிறார். என்ன செய்வது?

கேட்டதற்கு நன்றி. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100ஆம் பிரிவுப்படி, இப்படி அலைபவரைப் பாதுகாப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவ நிலையத்துக்குக் கொண்டுசெல்வது போலீஸின் கடமை. அந்தப் பிரிவைச் சொல்லியே காவல் நிலையத்தில் கேளுங்கள். 14416 இலவச மனநல உதவி எண். தண்ணீர் கொடுங்கள், பெயர் கேளுங்கள், கூட்டம் சேர்க்காதீர்கள். படம் எடுக்காதீர்கள், மறுபடியும் சொல்கிறேன்.

கே: முகவரி இல்லாதவருக்கு வாக்காளர் அட்டை கிடைக்குமா?

கிடைக்கும். விண்ணப்பத்தில் தூங்கும் இடத்தை எழுதினால் வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் ஒருமுறைக்கு மேல் வந்து பார்ப்பார். விண்ணப்பித்தவர் அங்கே தூங்குகிறார் என்று உறுதியானால் போதும், முகவரிச் சான்று கேட்கக் கூடாது. கேட்டால் தேர்தல் அதிகாரியிடம் எழுத்தில் புகார் கொடுங்கள்.

கே: பழைய துணி கொடுக்கலாமா?

போர்வையும் கொசுவலையும் கொடுங்கள். பட்டுப் புடவை வேண்டாம்.

கே: மழையில் நனைந்தபடி ஒரு பெரியவர் படுத்திருந்தால், சென்னையில் யாரைக் கூப்பிடுவது?

மாநகராட்சி 1913, முதியோருக்கு 14567, குழந்தை என்றால் 1098. முதலில் அவரை எழுப்பி, வர விருப்பமா என்று கேளுங்கள். வண்டி வரும்வரை கூடவே நில்லுங்கள்.