தம்பியின் உடல் ஏன் சும்மா இருந்தது?

அன்புள்ள ஐயா,

ரத்ததான முகாமில் ரத்தம் கொடுத்தபோது, 29 வயதான என் தம்பிக்கு ஹெபடைடிஸ் பி இருப்பது தெரியவந்தது. காய்ச்சலோ காமாலையோ அவனுக்கு வந்ததே இல்லை. எங்கள் அம்மா கல்லீரல் புற்றுநோயில் இறந்தவர். ‘எதிர்ப்புசக்தி இல்லாத உடம்பு’ என்று உறவினர்கள் அவன் முகத்துக்கு நேரே சொல்கிறார்கள். கீழாநெல்லியும் எதிர்ப்புசக்திப் பொடியும் கொடுத்தால் போதுமா?

க., முத்தியால்பேட்டை, புதுச்சேரி

அன்புள்ள க.,

உறவினர்கள் சொல்வது தவறு. இதைத் தம்பியிடம் இன்றே சொல்லுங்கள்.

வைரஸ் நுழைந்ததும் அந்தச் செல்லே அதை உணர்ந்து, இன்டர்ஃபெரான் என்ற புரதத்தைச் சுரந்து அண்டை செல்களை எச்சரிக்கும். 1957இல் ஐசக்ஸும் லிண்டென்மானும் கண்டறிந்த புரதம் இது. காய்ச்சலுக்கும் உடல்வலிக்கும் இதுவும் ஒரு காரணம். பிறவியிலேயே அமைந்த நோயெதிர்ப்பு இப்படித்தான் தொடங்குகிறது. ஹெபடைடிஸ் பி வைரஸோ இதைத் தொடங்கவிடுவதே அபூர்வம். தன் மரபுப்பொருளைக் கல்லீரல் செல்லின் உட்கருவுக்குள் வைத்துக்கொள்கிறது. புதிய டிஎன்ஏவைத் தன் புரத உறைக்குள்ளேயே உருவாக்கிக்கொள்கிறது. செல்லின் உணரிகளுக்கு எதுவும் எட்டுவதில்லை. தொற்றின் தொடக்க வாரங்களில் சிம்பன்சிகளின் கல்லீரலைச் சோதித்தபோது, இன்டர்ஃபெரானால் தூண்டப்படும் மரபணுக்கள் அசையவே இல்லை. ஹெபடைடிஸ் சி வேறு ரகம். எச்சரிக்கையைக் கடத்தும் புரதத்தையே அது வெட்டிவிடும்.

இந்த வைரஸ் கல்லீரல் புற்றுநோய்க்கும் காரணமாகலாம். அதனால் அம்மாவின் நோயைப் பார்த்தால், தம்பிக்கு இது பிறக்கும்போதே அவரிடமிருந்து வந்திருக்கலாம் என்று தோன்றுகிறது. பிறப்பின்போது தொற்றினால் சுமார் 90 சதவீதக் குழந்தைகளிடம் நாட்பட்டு நிலைத்துவிடும். பெரியவர்களிடம் 5 சதவீதத்துக்கும் குறைவு. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி நாடு முழுவதும் எல்லாக் குழந்தைகளுக்கும் என்று ஆனது 2011இல்தான். அம்மாவையும் யாரும் குறை சொல்ல வேண்டாம்.

பொடி வேண்டாம். எதிர்ப்பைக் கூட்டக் கூட நல்லது என்ற எண்ணமே எனக்குக் கவலை தருகிறது. இந்த நோயில் கல்லீரலைப் புண்ணாக்குவது பெரும்பாலும் வைரஸ் அல்ல, அதைத் தாக்க வரும் நம் நோயெதிர்ப்பு செல்கள்தான். வேறொரு வைரஸ் நாட்பட்டிருந்த எலிகளில் செல்லில் இன்டர்ஃபெரான் வந்து பற்றும் ஏற்பியைத் தடுத்தபோது, வைரஸ் விரைவாக நீங்கியது என்று 2013இல் இரண்டு ஆய்வுகள் காட்டின. முதல் நாட்களில் காக்கும் புரதம், மாதக்கணக்கில் ஓயாமல் சுரந்தால் நோய்க்கே துணைபோகக்கூடும்.

கீழாநெல்லி மீது நம்மவர்களுக்கு இருக்கும் நம்பிக்கை வெறுமனே வந்ததல்ல. சென்னையில் நடந்த ஆய்வொன்று 1988இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியாகி உலகமே திரும்பிப் பார்த்தது. இந்த வைரஸைக் கண்டறிந்து நோபல் பெற்ற புளூம்பெர்க்கும் அதில் பங்கேற்றார். ஆனால் பின்னர் நடந்த ஆய்வுகளில் அந்தப் பலன் உறுதிப்படவில்லை. அதை நம்பித் தம்பியின் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஜிப்மரின் இரைப்பை குடலியல் பிரிவில் காட்டுங்கள். டெனோஃபோவிர் போன்ற மாத்திரை இப்போதே தேவையா என்பதை வைரஸின் அளவையும் கல்லீரலின் நிலையையும் பார்த்து அவர்கள் முடிவு செய்வார்கள். 2018இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் அந்த மருந்துகள் இலவசம். மணமானவர் என்றால் மனைவிக்குப் பரிசோதனையும் தடுப்பூசியும் அவசியம்.

உங்களைப் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. உங்களுக்கும் அதே அம்மாதான். தம்பியோடு போகும் நாளிலேயே நீங்களும் ரத்தம் கொடுத்துப் பரிசோதித்துவிடுங்கள்.