மூன்று மணிக்கு ஒரு மெஸ்

கேள்வி: எங்கள் தெருமுனையில் ஆறு மேசை போட்ட ஒரு மெஸ் இருக்கிறது. மதியம் மட்டும்தான் நடக்கும். போன மாதம் பன்னிரண்டரை மணிக்குச் சாப்பிட்டேன், வீட்டுச் சாப்பாடு மாதிரி இருந்தது. அதை நம்பி ஊரிலிருந்து வந்த ஆறு பேரைச் சனிக்கிழமை மூன்று மணிக்கு அழைத்துப் போனேன். சோறு கட்டி தட்டிப்போய், ரசம் வெறும் புளித்தண்ணீர், பொரியல் முடிந்துவிட்டதாம். அதே 100 ரூபாய். பில் கேட்டால் “ஜிஎஸ்டி இல்லைங்க” என்கிறார்கள். தரமும் இல்லாத, வரியும் கட்டாத சின்னக் கடைகளை நாம் ஏன் ஆதரிக்க வேண்டும்?

— வாசகர், தஞ்சாவூர்

பதில்: பன்னிரண்டரை, மூன்று. உங்கள் கேள்விக்குப் பதில் நீங்களே எழுதிய இந்த இரண்டு நேரங்களில்தான் இருக்கிறது.

அந்தக் கடையின் உலையைக் கணக்குப் பாருங்கள். ஆறு மேசைக்கு 24 பேர். மூன்று பந்தி நிரம்பினால் ஏறக்குறைய 70 இலை. முழுச் சாப்பாட்டுக்கு இலைக்கு 130 முதல் 150 கிராம் அரிசி பிடிக்கும். ஆக, ஒரு நாளைக்குப் பத்து கிலோ புழுங்கலரிசி. இதை ஒரே உலையில் போடமாட்டார்கள். பதினொன்றரை வாக்கில் முதல் உலை வடியும், ஒன்றேகாலுக்கு இரண்டாவது. இரண்டு மணிக்கு முதலாளி வாசலைப் பார்ப்பார்: இன்னொரு உலை வைக்கலாமா? இரண்டு கிலோ அரிசி போட்டால் ஐந்து கிலோவுக்கு மேல் சோறு வரும். நாலு பேர்தான் வந்தார்கள் என்றால் மிச்சமெல்லாம் நட்டம். அதனால் பெரும்பாலான நாள் வைக்கமாட்டார். மூன்று மணிக்கு உங்கள் இலையில் விழுந்தது ஒன்றேகாலுக்கு வடித்து, அன்னக்கூடையின் அடியில் தன் பாரத்திலேயே அமுங்கிக் கிடந்த சோறு. அரிசியில் குறை இல்லை.

ரசத்தின் கதை வேறு. நுரை கட்டி மேலே எழும்பும்போதே இறக்கினால்தான் மிளகு சீரகத்தின் வாசம் நிற்கும். ஒவ்வொரு பந்திக்கும் அதைத் திரும்ப அடுப்பில் ஏற்றிக் கொதிக்கவிட்டால் வாசம் ஆவியோடு போய்விடும், புளிப்பு மட்டும் மிஞ்சும். அளவு குறைந்தால் வெந்நீர் ஊற்றுவார்கள்; அப்போது உப்பும் இறங்கும். சாம்பாரில் பருப்பு அடியில் தங்கும். பரிமாறுகிறவர் வாளியைக் கலக்காமல் மேலாக மொண்டு ஊற்றினால் முதல் பந்திக்குத் தெளிவு, கடைசிப் பந்திக்கு மண்டி. தேங்காய் போட்ட பொரியலும் கூட்டும் சீக்கிரம் கெடும் என்பதால் கணக்காகத்தான் செய்வார்கள். முதலில் தீர்வது அவைதான்.

நேரம் கழித்துப் போனால் எதையும் சாப்பிட முடியாது என்று சொல்லவில்லை. வத்தக்குழம்பும் புளிக்குழம்பும் மூன்று மணிக்குத்தான் ருசி. காயிலும் வத்தலிலும் புளியும் காரமும் ஊறி, எண்ணெய் மேலே தெளிந்து நிற்கும். மீன் குழம்பும் அப்படித்தான். உட்கார்ந்ததும் “சாம்பார் வேண்டாம், காரக்குழம்பு என்ன இருக்கு?” என்று கேட்கத் தெரிந்தவர் அந்த நேரத்திலும் நிறைவாகச் சாப்பிட்டு எழுவார். நீங்கள் கேட்கவில்லை, ஊற்றியதை வாங்கிக்கொண்டீர்கள்.

ஆனால் கடைக்காரர் பக்கம் ஒரு தவறு உண்டு, அதை நான் மறைக்க மாட்டேன். பொரியல் தீர்ந்துவிட்டது என்பதை இலை போடுவதற்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும். சொல்லிவிட்டு விலையில் பத்து ரூபாய் குறைத்திருக்கலாம், அல்லது “சாப்பாடு முடிஞ்சிருச்சுங்க” என்று பலகையை உள்ளே எடுத்திருக்கலாம். இரண்டரைக்குப் பலகையை எடுத்துவிடும் மெஸ்ஸை நம்பலாம்.

பொறுத்துக்கொள்ளக் கூடாதவை வேறு. முதலாவது, வெதுவெதுப்பாகப் பல மணி நேரம் கிடந்த சோறு. 60 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கும்வரை பயமில்லை. அதற்குக் கீழே நெடுநேரம் கிடந்தால் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா பெருகும். அரிசி வேகும்போதும் அதன் வித்துகள் சாவதில்லை. அது உண்டாக்கும் வாந்தி நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போவதில்லை. மதியம் மிஞ்சியதை அப்படியே வெளியில் வைத்திருந்து இரவு ஃபிரைட் ரைஸாக்கும் கடை, தன் நட்டத்தை உங்கள் வயிற்றில் தள்ளுகிறது. உங்கள் மெஸ்காரர் மூன்றாவது உலை வைக்காததை அந்த வகையில் நான் மதிக்கிறேன். இரண்டாவது, தட்டில் பிளாஸ்டிக் தாள் விரித்துச் சூட்டோடு சோறு போடுவது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் அதற்குத் தடை. மூன்றாவது, டிரம்முக்குள் கையோடு சொம்பை விட்டுத் தண்ணீர் மொள்வது. இந்த மூன்றில் ஒன்றைப் பார்த்தாலும் எழுந்து வந்துவிடுங்கள், நேரம் பன்னிரண்டரையாக இருந்தாலும் சரி. உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்க எண் கடையில் மாட்டியிருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

வரிக்கு வருகிறேன். ஆண்டு விற்றுமுதல் 20 லட்சத்தைத் தாண்டாத உணவகம் ஜிஎஸ்டியில் பதிய வேண்டியதில்லை. எல்லா நாளும் மூன்று பந்தியும் நிரம்பாது; சராசரியாக நாளைக்கு 50 இலை, 300 நாள் என்று வைத்தால் 15 லட்சம்தான். விற்றுமுதல் ஒன்றரைக் கோடிவரை உள்ள உணவகங்கள் காம்போசிஷன் என்ற எளிய வரி முறையில் போகலாம். அதில் 5 சதவீதத்தைத் தங்கள் கையிலிருந்து கட்ட வேண்டும், உங்களிடம் தனியாக வசூலிக்கக் கூடாது. ஆகவே ஜிஎஸ்டி போடாததை வைத்து ஏய்ப்பு என்று முடிவுகட்டாதீர்கள். பில் தராதது மட்டும் தவறுதான். வரி இல்லாவிட்டாலும் தொகை எழுதிய கைச்சீட்டு கேட்பது உங்கள் உரிமை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பில் தராததை முறையற்ற வணிக நடைமுறையில் சேர்த்திருக்கிறது.

ஏன் ஆதரிக்க வேண்டும் என்றீர்கள். பன்னிரண்டரைக்கு உங்களுக்குக் கிடைத்த சாப்பாடு, வடித்து ஒரு மணி நேரமே ஆன சோறு, காலையில் அரைத்த பொடியில் வைத்த ரசம். 100 ரூபாய்க்கு அது கிடைப்பதற்குக் காரணம், அந்தக் கடை மிச்சம் வராத அளவுக்குச் சமைப்பதுதான். அளவாக வைத்தால் கடைசியில் வருகிறவருக்குக் குறையத்தான் செய்யும்.

அடுத்த முறை ஆறு பேரோடு போவதாக இருந்தால் காலை பத்து மணிக்குள் ஒரு போன் போடுங்கள். அரிசி அளப்பது அதற்குப் பிறகுதான். எத்தனை பேர், அதில் எத்தனை அளவுச் சாப்பாடு, எத்தனை முழுச் சாப்பாடு, எத்தனை மணிக்கு என்று சொல்லிவிடுங்கள். ஆறு பேர் என்பது அந்தக் கடையில் கால் பந்தி. முன்கூட்டித் தெரிந்தால் பொரியலை எடுத்துவைப்பார்கள், அப்பளத்தை நீங்கள் உட்கார்ந்த பிறகே பொரிப்பார்கள். ஒன்றேகால் என்று நேரம் குறித்தால் இரண்டாவது உலை வடித்த சூட்டோடு இலைக்கு வரும்.