ஹைஸ்மன் யாருக்கு? – கடிதம்

வணக்கம் சார்,

ஆறு வருடமாக பாய்சியில் இருக்கிறேன். அமெரிக்க ஃபுட்பாலை இங்கே வந்துதான் பழகினேன். போன வாரக் கட்டுரையில், கல்லூரி ஃபுட்பாலின் சிறந்த வீரருக்கான 2024 ஹைஸ்மன் விருது கொலராடோவின் ட்ராவிஸ் ஹன்ட்டருக்குப் போனது சரிதான் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். எனக்கு மனசு ஆறவில்லை. எங்கள் பாய்சி ஸ்டேட்டின் ஆஷ்டன் ஜென்டி அந்த சீசனில் பந்தோடு 2,601 யார்டு ஓடினார். பாரி சாண்டர்ஸ் 1988இல் வைத்த 2,628 என்ற சாதனைக்கு 27 யார்டுதான் பாக்கி. நீலப் புல்தரையில் ஆடுகிற சின்னப் பல்கலைக்கழகம் என்பதால்தானே அவரை இரண்டாவதாக வைத்தார்கள்? எண்களை நம்பாவிட்டால் வேறு எதை வைத்து ஓட்டுப் போடுவது?

கி., பாய்சி

அன்புள்ள கி.,

ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகிற விஷயம் இல்லைதான். விரிவாகவே பதில் சொல்கிறேன்.

முதலில் ஒரு திருத்தம். விருது அறிவிக்கப்பட்ட டிசம்பர் 14 அன்று ஜென்டியின் கணக்கில் இருந்தது 2,497 யார்டு. மிச்சம் 104 யார்டை அவர் டிசம்பர் 31 அன்று, சீசன் முடிவில் நடக்கும் போல் ஆட்டங்களில் ஒன்றான ஃபியஸ்டா போலில் பென் ஸ்டேட்டுக்கு எதிராக ஓடினார். ஓட்டுப் போட்டவர்கள் முன்னால் அந்த 27 யார்டு பாக்கி என்ற கதையே இல்லை. தவிர, சாண்டர்ஸின் 2,628 பதினோரு ஆட்டங்களில் வந்தது. அந்தக் காலத்தில் போல் ஆட்டங்களைக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஜென்டி ஆடியது 14. இதனால் ஜென்டி குறைந்துவிடவில்லை. பந்து அவரிடம்தான் வரப்போகிறது என்று எதிரணிக்குத் தெரியும், மைதானத்தில் இருக்கும் அத்தனை பேருக்கும் தெரியும். தெரிந்தும் நிறுத்த முடியவில்லை. இடித்த பிறகும் கீழே விழாமல் ஓடுகிற அவர் கால்களை நான் மலைத்துப்போய்ப் பார்த்திருக்கிறேன்.

சின்னப் பல்கலைக்கழகம் என்பதால் ஒதுக்கினார்கள் என்பதையும் என்னால் ஏற்க முடியவில்லை. ஓட்டுப் போடுகிற ஒவ்வொருவரும் மூன்று பெயர் எழுத வேண்டும். முதல் பெயருக்கு 3 புள்ளி, அடுத்ததற்கு 2, கடைசிக்கு 1. ஹன்ட்டருக்கு 2,231, ஜென்டிக்கு 2,017. ஜென்டியை முதலாவதாக எழுதியவர்கள் மட்டும் 309 பேர். மவுன்டன் வெஸ்ட் என்ற சின்னப் பிரிவின் அணியில் ஆடிய ஒருவரை அத்தனை பேர் கவனித்துப் பார்த்திருக்கிறார்கள்.

நான் ஹன்ட்டர் பக்கம் நிற்பதற்குக் காரணம் செப்டம்பரில் பெய்லருடன் நடந்த ஆட்டம். கடைசி நொடியில் எறிந்த நீளப் பந்தில் கொலராடோ சமன் செய்து, ஓவர்டைமில் முன்னிலைக்கும் வந்துவிட்டது. பெய்லர்காரர் பந்தோடு கடைசிக் கோட்டைத் தாண்டி டச்டவுன் எடுக்கப் போகிறார். அந்த ஆட்டம் முழுக்க பந்து பிடிக்கிற ரிசீவராகவும், எதிரணி ரிசீவரைக் காவல் காக்கிற கார்னர்பேக்காகவும் மாறி மாறி ஓடிக் களைத்திருந்த ஹன்ட்டர் மோதிப் பந்தைத் தட்டிவிட்டார். ஆட்டம் முடிந்தது. ஓட்டெடுப்பு வரை அவர் பிடித்தவை 92 பந்துகள், 1,152 யார்டு, 14 டச்டவுன். எதிரணியிடமிருந்து பறித்தவை நான்கு. அந்த ஆண்டின் சிறந்த ரிசீவர் விருதும், சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதும் ஒரே ஆளுக்குப் போயின.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது எண்ணில் ஏறாத பகுதி. ஹன்ட்டர் நிற்கிற பக்கம் எறிய வேண்டாம் என்று, பந்தை எறிகிற குவார்ட்டர்பேக் முடிவுசெய்தால் எந்தப் புத்தகத்திலும் ஒன்றும் பதிவாகாது. நன்றாகக் காவல் காத்ததற்கு அடையாளமே, அங்கே எதுவும் நடக்காததுதான். எதை வைத்து ஓட்டுப் போடுவது என்று கேட்டீர்கள். ஃபுட்பாலில் எண் என்பது பந்தைத் தொடுகிறவர்களுக்குத்தான் தாராளமாகக் கிடைக்கிறது. எண்ணை மட்டும் நம்பினால் களத்தில் பாதிப் பேர் இல்லாமலே போவார்கள்.

போனார்கள். 2009ஐ நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது. நெப்ராஸ்காவின் தடுப்பு வரிசையில் டிஃபென்சிவ் டாக்கிளாக ஆடிய என்டாமுகென் சூ, டெக்சஸுக்கு எதிரான பிக் 12 பிரிவின் இறுதி ஆட்டத்தில் நாலரை சாக் எடுத்தார். அதாவது குவார்ட்டர்பேக் கோல்ட் மெக்காயைப் பந்தை எறியவிடாமல் அத்தனை முறை மண்ணில் சாய்த்தார். நடுவில் நிற்கிற டாக்கிளை இரண்டு பேர் சேர்ந்து அமுக்குவது வழக்கம்; அப்படியும் அந்த இரவில் அவரை ஒருவராலும் பிடித்துவைக்க முடியவில்லை. கடைசி நொடியில் உதைத்த 46 யார்டு ஃபீல்டு கோலால் டெக்சஸ் 13–12 என்று தப்பித்தது. ஒரு வாரம் கழித்து ஹைஸ்மன் முடிவு வந்தது. அலபாமாவின் மார்க் இங்ரம் 1,304, ஸ்டான்ஃபோர்டின் டோபி கெர்ஹார்ட் 1,276. இந்த விருதின் வரலாற்றிலேயே மிகக் குறைந்த வித்தியாசம் அதுதான் என்பதால் எல்லாரும் அந்த 28 புள்ளியைப் பற்றியே பேசினார்கள். நான் பார்த்தது அதற்குக் கீழே. மூன்றாம் இடம் மெக்காய், 1,145. நான்காம் இடம் சூ, 815. இரவு முழுக்க விழுந்து எழுந்தவர், அவரை விழச்செய்தவரைவிட மேலே!

1935இலிருந்து இந்த விருது கொடுக்கப்படுகிறது. தடுப்பாட்டம் மட்டுமே ஆடிய ஒருவருக்கு இதுவரை கிடைத்ததில்லை. 1997இல் பெய்டன் மேனிங்கை முந்திய மிஷிகனின் சார்ல்ஸ் வுட்சன் கார்னர்பேக்தான், ஆனால் அவரும் எதிரணி உதைத்தனுப்பும் பந்தை (பன்ட்) எடுத்துத் திருப்பி ஓடியும் பந்து பிடித்தும்தான் கண்ணில் பட்டார்.

தாக்குதலின் முன்வரிசையில் நின்று எதிரணியைத் தடுத்து வழிவிடும் லைன்மேன்களின் நிலை இதைவிட மோசம். 1973இல் ஒஹாயோ ஸ்டேட்டின் ஜான் ஹிக்ஸ் இரண்டாம் இடம் வரை வந்தார். அதே ஒஹாயோ ஸ்டேட்டின் ஆர்லாண்டோ பேஸ் 1996இல் நான்காவது. 2015இல் சிறந்த முன்வரிசைக்கென்றே ஜோ மூர் விருது தொடங்கினார்கள். முதலில் வாங்கியது அலபாமா. அந்த ஆண்டு ஹைஸ்மன் அலபாமாவின் டெரிக் ஹென்றிக்கு. 2018இல் ஜோ மூர் ஓக்லஹோமாவுக்கு, ஹைஸ்மன் அதே அணியின் கைலர் மரேவுக்கு. 2019இல் லூசியானா ஸ்டேட் (எல்.எஸ்.யூ.), ஜோ பர்ரோ. 2020இல் மறுபடி அலபாமா, டெவான்ட்டா ஸ்மித். முதல் ஆறு ஆண்டுகளில் நான்கு முறை இரண்டு விருதும் ஒரே அணிக்கு! அந்த நால்வரும் தகுதியானவர்கள்தான், சந்தேகமில்லை. அவர்களுக்கு வழியும் நேரமும் வாங்கிக் கொடுத்தவர்கள் யார் என்பதும் இந்தப் பட்டியலிலேயே இருக்கிறது.

எனக்கு ஓட்டு இருந்திருந்தால் 2024இல் முதலில் ஹன்ட்டர், அடுத்து உங்கள் ஜென்டி, மூன்றாவதாக டெக்சஸின் முன்வரிசை லைன்மேன், லெஃப்ட் டாக்கிள் கெல்வின் பேங்க்ஸ். அவர் ஒரு யார்டுகூட ஓடவில்லை. அவுட்லாண்ட், லொம்பார்டி என்று லைன்மேனுக்குக் கிடைக்கக்கூடிய இரண்டு பெரிய விருதுகளையும் அந்த ஆண்டு வாங்கினார்.

ஜென்டியின் ஓட்டங்களை யூடியூபில் மறுபடி பார்ப்பீர்கள் என்று தெரியும். ஒருமுறை மட்டும் அவரைப் பார்க்காதீர்கள். ஸ்நாப் ஆனதிலிருந்து, அதாவது பந்து பின்னால் கைமாறி ஆட்டம் தொடங்கியதிலிருந்து முதல் இரண்டு நொடி, அவருக்கு முன்னால் குனிந்து நிற்கும் ஐந்து பேரின் கால்களைப் பாருங்கள். என்ன தெரிந்தது என்று எனக்கு எழுதுங்கள்.