கறள் பிடித்த ஏடிசியை ஓட வைக்க எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: நிலாவெளிக்கு வடக்கே எங்களுக்கு ஒரு தென்னங்காணி இருக்கிறது, முழுக்க மணல். மாமா வைத்திருந்த பழைய ஹொண்டா ஏடிசி110 (பலூன் டயரில் மணலில் ஓடும் மூன்று சில்லு வண்டி) ஒன்றின் பிரேமும் முன் ஃபோர்க்கும் கைக்கு வந்திருக்கின்றன. எஞ்சின் இல்லை. பின் அச்சு கறள் பிடித்து இறுகிவிட்டது, டயர்கள் மக்கிவிட்டன. 150 சீசீ மோட்டார் சைக்கிள் எஞ்சின் போட்டு, ஓட்டோவின் பின்பகுதியைப் பொருத்தி, தேங்காய் ஏற்றவும் சும்மா ஓடித் திரியவும் ஒரு வண்டி செய்ய ஆசை. எதிலிருந்து தொடங்க வேண்டும்?
(வாசகர், திருகோணமலை)

பதில்: 150 எஞ்சினுக்கு இன்னும் காசு கொடுக்கவில்லை என்றால் கொடுக்க வேண்டாம். இந்த வேலையில் எஞ்சின் மூன்றாவதாகத்தான் வரும். முதலில் டயர், அடுத்தது பின் அச்சு. டயரின் உயரம் தெரியாமல் (செயின் ஓடுகிற) பல்லுச் சில்லுக் கணக்குப் போட முடியாது, அந்தக் கணக்கு இல்லாமல் எந்த எஞ்சின் போதும் என்று சொல்லவும் முடியாது.

ஹொண்டா இந்த இன வண்டியை 1970இல் யூஎஸ்90 என்ற பெயரில் விற்கத் தொடங்கியது. பிறகு அதுவே ஏடிசி90 ஆனது. எஞ்சின் வெறும் 89 சீசீ, ஸ்பிரிங் கிடையாது. மெத்தென்ற பலூன் டயர்தான் ஸ்பிரிங்கின் வேலையையும் பார்த்தது. 1979இல் வந்த உங்கள் ஏடிசி110 இன வண்டியும் அதே கதைதான். அதில் இறுக்கமான சாதாரண டயரைப் போட்டால் மணலில் புதையும், கட்டாந்தரையில் முதுகை உடைக்கும்.

அந்தக் கால ஹொண்டாவில் 22x11-8 அளவு வழக்கம். மொத்த உயரம் 22 அங்குலம், அகலம் 11, றிம் 8. ஓட்டோ டயரும் 8 அங்குல றிம்தானே என்று ஏமாற வேண்டாம். அது 4.00-8, மிக ஒடுக்கம். லேத் பட்டறையில் அந்த றிம்மை வெட்டி அகலமாக்கலாம், ஆனால் ஒட்டு முழுக்கக் காற்றுப் புகாமல் இருக்க வேண்டும். குவாட் எனப்படும் நாலு சில்லு மணல் வண்டிகளுக்கு இப்போது 9, 10, 12 அங்குல றிம் டயர்களே அதிகம் வருகின்றன. றிம்மோடு சேர்த்தே ஒரு சோடி கிடைத்தால் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். கொழும்பில் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளுக்குப் போகிற ஆட்களிடம் சொல்லி வையுங்கள். முன் ஃபோர்க்கின் இடைவெளியை அளந்து கொடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் முன் டயர் உள்ளே போகாது.

காற்று விஷயத்தில் கவனம். இந்த டயருக்கு 2 பிஎஸ்ஐயைச் சுற்றித்தான் அடிக்க வேண்டும். பெற்றோல் நிலையத்துக் கருவியில் அந்த அளவில் முள் அசையவே அசையாது. குறைந்த அழுத்தக் கருவி ஒன்று வாங்குங்கள். அதுவும் போதாது: தையல்காரரின் நாடாவால் இரண்டு பின் டயர்களின் சுற்றளவையும் அளந்து பாருங்கள். அச்சு ஒரே தண்டு என்பதால், ஒரு டயர் கொஞ்சம் பெரிதாக இருந்தாலும் வண்டி மற்றப் பக்கம் இழுத்துக்கொண்டே போகும். ஹேண்டிலில் குறை தேடி நாள் போகும், குறை காற்றில் இருக்கும்.

இனி ஓட்டோவின் பின்பகுதி. ஓட்டோவில் டிஃபரன்ஷியல், அதாவது இரண்டு பின் சில்லுகளையும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் கியர்ப் பெட்டி, இருக்கிறது. கட்டாந்தரையில் வளைவு லேசாக வரும், ஆனால் மணலில் ஒரு சில்லு வழுக்கத் தொடங்கினால் விசையெல்லாம் அந்தச் சில்லுக்கே போய்விடும். ஒற்றைத் தண்டு அச்சில் அந்தத் தொல்லை இல்லை. உங்கள் காணி முழுக்க மணல் என்பதால் நான் பழைய முறையையே சொல்வேன். இறுகிய அச்சைக் கழற்றி லேத்துக்குக் கொடுத்து, அதே விட்டத்தில் புதிது கடைந்து எடுங்கள். பெயாரிங்கின் பக்கவாட்டில் இலக்கம் பொறித்திருக்கும். அதைச் சொன்னால் எந்த பெயாரிங் கடையிலும் தருவார்கள். இரண்டு பக்கமும் மூடிய வகையாக வாங்குங்கள். பிரேக்குக்கு மோட்டார் சைக்கிள் டிஸ்க் ஒன்றை அச்சில் பொருத்தினால் இரண்டு பின் சில்லுகளையும் அது ஒன்றே பிடிக்கும்.

இப்போது கணக்குக்கு வருவோம். 22 அங்குல டயர் ஒரு சுற்றில் ஏறக்குறைய 1.75 மீற்றர் போகும். முதல் கியரில் மணிக்கு 10 கிலோமீற்றர் வேகத்தில், எஞ்சின் நிமிடத்துக்கு 5000 சுற்று சுற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் சில்லு ஒரு சுற்றுச் சுற்ற எஞ்சின் 52, 53 சுற்றுச் சுற்ற வேண்டும். வாங்கப்போகிற எஞ்சினை முதல் கியரில் போட்டு, பிளைவீலைக் கையால் சுற்றுங்கள். முன் பல்லுச் சில்லு ஒரு முறை சுற்ற அது எத்தனை சுற்று எடுக்கிறது என்று எண்ணுங்கள். 52ஐ அந்த எண்ணால் வகுத்தால், பின் பல்லுச் சில்லில் முன் பல்லுச் சில்லைப்போல எத்தனை மடங்கு பல் வேண்டும் என்பது வரும். நாலு ஐந்து மடங்கு வந்தால் பின் பல்லுச் சில்லு மிகப் பெரிதாகி மணலை உழும். அப்போது நடுவில் ஒரு இடைத்தண்டு வைத்துக் குறைப்பை இரண்டாகப் பிரிக்க வேண்டும். அதற்குப் பிரேமில் இடம் இருக்கிறதா என்று முதலே பாருங்கள்.

இந்தக் கணக்கைப் போட்டு முடித்தால் 150 ஏன் தேவையில்லை என்பது தெரியும். ஏடிசி110இன் சொந்த எஞ்சினே 105 சீசீதான், படுத்த சிலிண்டர். நிமிர்ந்த சிலிண்டர் எஞ்சினுக்குப் பிரேமை வெட்ட வேண்டும், பாரமும் மேலே ஏறும். எம்டி90, சி90 இன ஹொண்டா மோட்டார் சைக்கிள் எஞ்சின்கள் நம் ஊரில் தாராளம், திருத்தத் தெரிந்தவர்களும் அதிகம். கையால் பிடிக்கிற கிளச் இல்லை, அதனால் மணலில் இரண்டு கையும் ஹேண்டிலில் இருக்கும். ஒன்றை மட்டும் பொருத்திப் பார்க்கும்போதே சரிபாருங்கள்: ஹொண்டா ஏடிசியைக் கயிறு இழுத்துத்தான் ஸ்டார்ட் செய்ய வைத்தது. மோட்டார் சைக்கிளின் கிக் லீவர் கால்மிதியில் முட்டலாம்.

பெயின்ட் கடைசி. கடைசிக்கும் கடைசி. கழுத்துப் பகுதி, அச்சைத் தாங்கும் இடம், கால்மிதி ஒட்டிய இடம் ஆகியவற்றைக் கம்பித் தூரிகையால் சுரண்டி வெடிப்புத் தேடுங்கள். குழாயைச் சுத்தியலால் தட்டுங்கள், மொத்தையான சத்தம் வந்தால் உள்ளே கறள் தின்றிருக்கும். எல்லாவற்றையும் பச்சை இரும்பில் பொருத்தி, ஓட்டி, திருத்தி, பிறகு கழற்றிப் பெயின்ட் அடியுங்கள். பிரேம் இலக்கத்தை வெட்டவோ மறைக்கவோ வேண்டாம். கடற்காற்றில் ஓடுகிற வண்டியை ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். காற்று வடிகட்டி எண்ணெய் தோய்த்த பஞ்சு வகையாக இருக்கட்டும். கச்சான் அடிக்கிற மாதங்களில் அதை அடிக்கடி கழுவுங்கள், எஞ்சின் ஒயிலையும் சீக்கிரம் மாற்றுங்கள்.

ஓட்டுவது பற்றியும் சொல்லியே ஆக வேண்டும். அமெரிக்காவில் விபத்துகள் மலிந்ததால், 1987 இறுதியில் உற்பத்தி நிறுவனங்கள் அரசோடு உடன்பட்டு, புதிய மூன்று சில்லு வண்டி விற்பதை நிறுத்தின. ஒற்றைத் தண்டு அச்சோடு வளைக்க வெளிப்பக்கக் கால்மிதியில் பாரத்தை ஊன்றி, உடம்பை உள்ளே சாய்க்க வேண்டும். மோட்டார் சைக்கிள் பழக்கத்தில் காலைத் தரையில் ஊன்றினால் பின் சில்லு காலில் ஏறும். ஹெல்மெட்டும் சப்பாத்தும் கட்டாயம், பின்னால் ஆள் ஏற்றவே வேண்டாம். தேங்காய்ப் பெட்டியை அச்சுக்கு மேலே உயர்த்தாமல், கூடியவரை தாழ்வாகவும் முன்னுக்கும் வையுங்கள். பாரம் அச்சுக்குப் பின்னால் போனால் மேட்டில் முன் சில்லு தூக்கும்.

காணிக்கு வெளியே, பதிவு இல்லாத வண்டியைப் புல்மோட்டை வீதியில் இறக்க முடியாது. திருத்தத்துக்குக் கொண்டுபோக ஒரு சின்ன லொறி பிடியுங்கள். கடற்கரை ஆசையையும் விட்டுவிடுங்கள், ஆமை முட்டையிடுகிற கரையில் டயர் ஏறினால் கூடு நசுங்கும். கடலாமை சட்டப்படி பாதுகாக்கப்பட்ட உயிர்.

இந்த வாரம் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: அச்சின் விட்டம், ஃபோர்க் இடைவெளி, எஞ்சின் பிடிக்கிற ஓட்டைகளின் தூரம் மூன்றையும் அளந்து ஒரு தாளில் எழுதுங்கள். கடைக்குப் போகும்போது அந்தத் தாள் சட்டைப்பையில் இருக்கட்டும்.