பூடானுக்கு நாம தர்றது தானமா?

வணக்கம் சார். குடும்பத்தோட பூடான் டூர் போயிட்டு வந்தேன். ஊர் சூப்பர், ஆனா தலைக்கு ஒரு நாளைக்கு 1,200 ரூபா கட்டுன்னு வாங்கிட்டாங்க. டேம் கட்ட பணம் கொடுத்தது நாம, ரோடு போட்டது நாம, வருஷா வருஷம் பட்ஜெட்ல அள்ளிக் கொடுக்கறதும் நாம. அவங்க என்னடான்னா சைனாவோட எல்லைப் பேச்சு நடத்திட்டு இருக்காங்க. இது நன்றிகெட்டத்தனம் இல்லையா?
- ஒரு வாசகர், கோவை

வணக்கம் நண்பரே,

நீங்க சொன்ன உதவி எல்லாம் நிஜம்தான். நம்ம வெளியுறவுத் துறை மத்த நாடுகளுக்குன்னு ஒதுக்குற பணத்துல பெரிய பங்கு பூடானுக்குத்தான் போகுது, 2024-25 பட்ஜெட்ல 2,000 கோடிக்கு மேல. ஆனா அதுல மானியமும் இருக்கு, வட்டியோட திரும்பி வர்ற கடனும் இருக்கு, டிவி டிபேட்ல இதை யாரும் பிரிச்சு சொல்றதில்ல.

கரண்ட் கணக்கையே பாருங்களேன். 80கள்ல வந்த சுகா நீர்மின் திட்டம், 336 மெகாவாட், அதுக்கு 60 சதவீதம் மானியம் 40 சதவீதம் கடன். 2006-07ல வந்த தாலாவுக்கும் அதே மாதிரி. 2019ல மாங்டெச்சு ஓட ஆரம்பிச்சப்போ கணக்கு தலைகீழாயிடுச்சு, மானியம் 30, கடன் 70, வட்டி 10 சதவீதம். வேலையில பெரும்பகுதி இந்தியக் கம்பெனிகளுக்கு, அங்க உபரியா வர்ற கரண்டை வாங்கறதும் நாமதான், மாங்டெச்சு கரண்டுக்கு பேசின விலை யூனிட் 4 ரூபா 12 காசு. கடன் கொடுத்தவரும் நாம, காண்ட்ராக்டரும் நாம, கஸ்டமரும் நாம! இதுல புனத்சங்சு-1னு ஒண்ணு இருக்கு, 1,200 மெகாவாட், முதல்ல போட்ட மதிப்பு 3,500 கோடி சொச்சம், 2013ல மலைச்சரிவு நகர ஆரம்பிச்சு வேலை இழுத்துக்கிட்டே போய் செலவு 9,000 கோடியைத் தாண்டிடுச்சு. அதுக்கான கடனும் பூடான் தலையிலதான்.

இதைவிட எனக்கு முக்கியமாப் படறது ரூபாய் விஷயம். அவங்க பணம் நுல்ட்ரம், நம்ம ரூபாய்க்கு சமமா கட்டிப் போட்டது, ஒண்ணுக்கு ஒண்ணு. நம்ம நோட்டே அங்க கடையில செல்லும், நீங்களே பாத்திருப்பீங்க. கேக்க வசதியாத்தான் இருக்கு, ஆனா அரிசி, பெட்ரோல், சிமெண்ட், கார்னு முக்கால்வாசி சாமான் இந்தியாவுலேருந்து வாங்கணும்னா கையில ரூபாய் இருக்கணுமே, அதை அவங்க அச்சடிக்க முடியாது, கரண்ட் வித்தோ கடன் வாங்கியோதான் வரணும். 2012ல ரூபாய் வத்திப்போச்சு. டாலர் கையிருப்பை வித்து ரூபாய் வாங்கினாங்க, பேங்க்ல கார் லோன், வீட்டு லோனை எல்லாம் நிறுத்தி வெச்சாங்க. 2016ல நாம 500, 1,000 நோட்டு செல்லாதுன்னு ராத்திரி எட்டு மணிக்கு அறிவிச்சப்போ அதை வீட்ல வெச்சிருந்த பூடான்காரங்களுக்கும் அதே அவதிதான்.

அப்புறம் 2013 ஜூலை. இங்க நமக்கு அது ஞாபகம்கூட இல்ல, அங்க யாரும் மறக்கல. முந்தின வருஷம் அவங்க பிரதமர் ஜிக்மே தின்லே ரியோவுல சைனா பிரதமரைப் பாத்துப் பேசியிருந்தார். எலெக்ஷனுக்கு ரெண்டு வாரம் கூட இல்ல, கேஸ் சிலிண்டருக்கும் மண்ணெண்ணெய்க்கும் நாம கொடுத்துட்டிருந்த மானியம் நின்னுடுச்சு. பழைய ஏற்பாட்டோட காலம் முடிஞ்சுதுன்னு டெல்லியில விளக்கம் சொன்னாங்க, ஆனா தேதியைப் பாத்தா யாருக்கும் நம்பத் தோணாது, எனக்கும் தோணல. தின்லே கட்சி தோத்து ஷெரிங் டோப்கே வந்தார், கொஞ்ச நாள்லயே மானியமும் திரும்பி வந்துடுச்சு. ஒரே வீட்டுக்காரர்கிட்ட குடியிருக்கறவன் நிலைமைதான், அவர் நல்லவரா இருந்தாலும் தண்ணி மோட்டார் ஸ்விட்ச் அவர் வீட்டுக்குள்ளதான் இருக்கு.

இப்ப சைனா. எல்லைப் பேச்சு 1984லேருந்தே நடக்குது, நேத்து ஆரம்பிச்சது இல்ல. சைனாவோட பூடானுக்கு தூதரக உறவே கிடையாது, அமெரிக்காவோடயும் ரஷ்யாவோடயும்கூட கிடையாது. வடக்குல நாங்க விட்டுக்கொடுக்கறோம், மேற்குல எங்களுக்குக் கொடுங்கன்னு சைனா ரொம்ப நாளா ஆசை காட்டுது. அந்த மேற்குப் பக்கத்துலதான் டோக்லாம் இருக்கு, 2017ல நம்ம ராணுவமும் சைனா ராணுவமும் 73 நாள் முறைச்சுக்கிட்டு நின்ன இடம். அதுக்குத் தெற்கால சிலிகுரி பாதை, ரொம்பக் குறுகலான இடத்துல இருபது சொச்சம் கிலோமீட்டர்தான் அகலம், வடகிழக்கு மொத்தமும் அது வழியாத்தான் நம்மளோட ஒட்டியிருக்கு. பூடான் தன் லாபத்தை மட்டும் பாத்திருந்தா அந்த டீலை என்னிக்கோ முடிச்சுட்டு நிம்மதியா இருந்திருக்கலாம்னு நான் நினைக்கறேன். முடிக்கல. அதுக்குப் பெரிய காரணம் நாமதான். நாற்பது வருஷமா எல்லையை முடிவு பண்ணாமலே வெச்சிருக்காங்க, அவங்க உரிமை கொண்டாடுற நிலத்துல சைனா கிராமமே கட்டி உட்கார்ந்துடுச்சு. நன்றிக் கணக்கு எழுதணும்னா இதையும் சேர்த்துத்தான் எழுதணும். நாமளோ 2023-24ல மட்டும் சைனாகிட்ட 10,000 கோடி டாலருக்கு மேல சரக்கு வாங்கியிருக்கோம், நம்மள யாரு கேக்கறது? அதோட, பூடான் வெளியுறவுல இந்தியா சொல்றதைக் கேட்டு நடக்கணும்ங்கற 1949 இந்தியா-பூடான் ஒப்பந்த ஷரத்தை 2007லயே நாமளும் சேர்ந்துதான் எடுத்தோம்.

கடைசியா உங்க 1,200 ரூபா. மத்த வெளிநாட்டுக்காரங்க ஒரு நாளைக்கு 100 டாலர் கட்டறாங்க, அதைப் பாத்தா நமக்கு சலுகைதான். 2022 செப்டம்பருக்கு முன்னாடி நமக்கு அதுவும் இல்ல, அதான் உறுத்துது. அடுத்த தடவை காசு இடிச்சா எல்லையில நம்ம பக்கம் இருக்கற ஜெய்கான்லேருந்து, அந்தப் பக்கம் ஒட்டியிருக்கற பூடான் ஊர் ஃபுன்ட்ஷோலிங் போய் சுத்திட்டு 24 மணி நேரத்துக்குள்ள திரும்பிடுங்க, அதுக்கு அந்தக் கட்டணம் கிடையாது.

அன்புடன்.