அடிபம்பும் ஜெபவேளையும்

கேள்வி: தண்டையார்பேட்டையில் வசிக்கிறேன், மண்ணடியில் ஓர் இரும்புக் கடையில் கணக்கு எழுதுகிறேன். விடியற்காலை நான்கரை மணிக்கு அடிபம்பில் குடங்களை நிரப்புவதில் தொடங்கி, சமையல், பிள்ளைகளின் பள்ளி, பேருந்து, கடை என்று ஓடி முடித்து, இரவு பத்து மணிக்குக் குடும்ப ஜெபத்தில் உட்காரும்போது கண் சொக்கிவிடுகிறது. நாளின் முதல் மணி நேரம் ஆண்டவருக்கே உரியது என்று எங்கள் சபைச் சகோதரி ஒருவர் சொன்னதிலிருந்து மனம் உறுத்துகிறது. என் விசுவாசம் குறைந்துவிட்டதா, ஐயா?

பதில்: இல்லை, சகோதரி. விசுவாசம் குறைந்தவருக்கு இந்த உறுத்தலே வராது. சிலுவைக்கு முந்தின இரவில், கெத்செமனே தோட்டத்தில் சீஷனாகிய பேதுருவும் உடன் இருந்தவர்களும் தூங்கிப்போனபோது, ஆவி உற்சாகமுள்ளது, மாம்சமோ பலவீனமுள்ளது என்று ஆண்டவர் சொன்னார். விழித்திருந்து ஜெபிக்கச் சொன்ன அதே வாக்கியத்தில் அவர்களுடைய களைப்பையும் அறிந்து பேசினார்.

முதல் மணி நேரம் என்ற கட்டளை வேதாகமத்தில் எங்கும் இல்லை. அதிகாலை ஜெபம் நல்ல வழக்கம், இயன்றவர்கள் கைக்கொள்ளட்டும். ஆனால் அப்போஸ்தலர் நடபடிகள் 10-ஆம் அதிகாரத்தில் பேதுரு ஜெபிக்க ஏறியது நண்பகலில்: யோப்பாவில், கடலோரத்து வீட்டின் மாடியில், பசியோடு, கீழே சாப்பாடு தயாராகிக்கொண்டிருந்த வேளையில். அந்தப் பேதுருவைத்தான் நம் முன்னோர் இராயப்பர் என்றழைத்தார்கள். உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலுள்ள ராயபுரத்தின் பெயரிலும் அவரே இருக்கிறார். ஆகவே, கடையில் மதிய உணவுப் பொட்டலத்தைத் திறப்பதற்கு முன் உங்களுக்குக் கிடைக்கும் ஐந்து நிமிடத்தை மிச்சம் மீதியாக எண்ணாமல், அதையே அன்றைய ஜெபவேளையாக உறுதியாகக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு சங்கீதத்தை மெதுவாக வாசித்து, பிள்ளைகளைப் பெயர் சொல்லி ஒப்புக்கொடுக்க அது போதும். இடையிடையே, பாரசீக ராஜாவின் கேள்விக்குப் பதில் சொல்லுமுன், அவருடைய பானபாத்திரக்காரனாயிருந்த நெகேமியா நின்ற நிலையிலேயே பரலோகத்தின் தேவனை நோக்கி ஜெபித்ததுபோல, குடம் நிரம்பும் நேரத்தில் ஒரு வரி ஜெபியுங்கள். இரவுக் குடும்ப ஜெபத்தைச் சாப்பாட்டுக்கு முன்னால் மாற்றிவிடுங்கள், பிள்ளைகளும் விழித்திருப்பார்கள்.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை. மாற்கு முதல் அதிகாரத்தில், கப்பர்நகூமில் ஊரே நோயாளிகளோடு வாசலில் கூடி வந்த அந்த மாலைக்குப் பிறகு, இயேசு இருட்டோடே எழுந்து வனாந்தரமான இடத்துக்குப் போய் ஜெபித்தார். எல்லாரும் உம்மைத் தேடுகிறார்கள் என்று சீமோன் பேதுரு வந்து சொன்னபோது, அவர் அந்த வாசலுக்குத் திரும்பாமல் அடுத்த ஊர்களுக்குப் போகப் புறப்பட்டார். தேடுகிற எல்லாரிடமும் உடனே ஓடிப் போகாதிருந்தவர் அவர். நீங்களோ வீட்டார் அனைவரின் தேவைக்கும் ஒற்றை ஆளாக ஓடுகிறீர்கள். உங்கள் கடிதத்தில் கணவரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அவர் வீட்டில் இருக்கிறார் என்றால், உங்களுக்குக் குறைவாக இருப்பது பக்தி அல்ல, குடத்தைப் பிடிக்க இன்னொரு கை. சபையிலும் இதை வெளிப்படையாகப் பேச வேண்டும். பெண்களுக்கு உபவாச ஜெபக் கூட்டம் வைக்கிற நாம், அந்த நேரத்தில் வீட்டு வேலையை யார் செய்வார்கள் என்று கேட்பதே இல்லை.

இந்தப் பதிலைக் கணவரிடம் வாசிக்கக் கொடுங்கள். வாரத்தில் மூன்று நாளாவது அடிபம்புக்கு அவர் போகட்டும். அந்த அரை மணி நேரம் நீங்கள் கதவைச் சாத்திக்கொண்டு வேதாகமத்தோடு உட்காருங்கள்.